காரணம் எழுதும் கட்டம்

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். அந்த ஓரத்துக் கால் ஒடிந்துபோய் செங்கல்லை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்தால்தான் இந்த பெஞ்சு நேராக நிற்கும். ஒருவர் எழுவதென்றால் மெதுவாக எழ வேண்டும், மற்றவர் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். போன வாரம் ஒரு பெரியவர் விழப் பார்த்தார். ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து விழுந்தால் எங்கள் மருத்துவப் புத்தகத்தில் அதற்கும் ஒரு குறி எண் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருக்கிறது. எதிலிருந்து விழுந்தார் என்பதற்குத் தனி, எந்த இடத்தில் விழுந்தார் என்பதற்குத் தனி.

உள்ளே இருப்பது மகளா? கையா, முகமா? கழுத்தா. சரி. அடுப்பு வெடித்தது என்கிறீர்கள். இந்த வராந்தாவில் காத்திருக்கிற முக்கால்வாசிப் பேர் அடுப்பு என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு என் தங்கை. வசந்தாமணி என்று பேர். வலது கை. அந்த பிசியோதெரபி அறையில் இருக்கிறாள், கூட அவள் வீட்டுக்காரர் இருக்கிறார், வெள்ளிங்கிரி. என்னை வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். விரலைப் பிடித்து இழுக்கும்போது கத்துவாள், அண்ணன் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். நல்ல மனசு அவளுக்கு.

அவளுக்கு அடுப்பு இல்லை. விமானம்.

ஆமாம், விமானம்தான். போன வருஷம் மழைக்கு முன்னால் டிவியில் பார்த்திருப்பீர்கள். ராணுவப் பயிற்சி விமானம் நடுவானில் தீப்பிடித்துக் காட்டுக்குள் விழுந்தது, விமானி குதித்துத் தப்பினார், உயிர்ச்சேதம் இல்லை என்று கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்ததே. அந்த 'உயிர்ச்சேதம் இல்லை'தான் என் தங்கை.

காடு என்று அவர்கள் சொன்னது பாதி சரி. சோளக்காடு பாதி, லைன் வீடுகள் பாதி. ராணுவ விமான ஓடுபாதையின் மதில் முடிகிற இடத்தில் வரிசையாக ஓட்டு வீடுகள். சத்தம் தாங்காது என்பதால் வாடகை குறைவு. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள்தான் அங்கே இருப்பார்கள். பகலெல்லாம் கம்பெனியில் மெஷின் சத்தம், வீட்டுக்கு வந்தால் விமானச் சத்தம், ரெண்டும் ஒன்றுதான் என்பாள் வசந்தாமணி. அவள் ஓவர்லாக் டெய்லர். கழுத்துப்பட்டி வைக்கிற இடத்தில் அவளைத்தான் உட்கார வைப்பார்கள். துணி வளையும்போது கை அதோடு சேர்ந்து வளைய வேண்டும், எல்லாருக்கும் வராது. அன்றைக்குக் கம்பெனியில் கரண்ட் இல்லை என்று லீவு விட்டுவிட்டார்கள். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் வேறு மாதிரி வந்ததும் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். வெளிச்சத்தில் கண் கூசியதும் கையைக் குறுக்கே வைத்திருக்கிறாள், நாம் வெயிலுக்கு வைப்போமே, அப்படி. பிழியாத சேலை ஒன்று தோளில் கிடந்ததால் உடம்பு தப்பித்தது. குறுக்கே வைத்த கைதான் போனது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் விமானியிடம்தான் ஓடினார்களாம். பாராசூட் குடையோடு சோளத்துக்குள் இறங்கியிருக்கிறார், சின்னப் பையன் மாதிரி இருந்தாராம். தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தர் அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறார். அப்புறம்தான் துணிக் கொடிப்பக்கம் யாரோ முனகுகிற சத்தம் கேட்டு வந்திருக்கிறார்கள். நான் தப்புச் சொல்லவில்லை. வானத்திலிருந்து ஆள் இறங்கினால் நானும் அங்கேதான் ஓடியிருப்பேன்.

ராணுவத்துக்காரர்கள் வந்து சுற்றிலும் நாடா கட்டினார்கள். மாற்றுத்துணி எடுக்கக்கூட உள்ளே விடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். விழுந்து கிடந்த ஒவ்வொரு தகட்டுத் துண்டையும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு கட்டி, எங்கே கிடந்தது, எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று எழுதினார்கள். விரல்நகம் அளவு துண்டுக்குக்கூடச் சீட்டு. அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். விவரம் வேண்டும்.

என் வேலையும் அதுதான், அதனால் சொல்கிறேன். மெடிக்கல் கோடிங். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அமெரிக்காவில் ஒருத்தர் படியில் உருண்டு கையை ஒடித்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அங்கே டாக்டர் என்னென்னவோ எழுதுவார். அதை இங்கே நாங்கள் படித்து, எந்த எலும்பு, எந்தப் பக்கம், எதனால் ஒடிந்தது என்று எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கித் தர வேண்டும். அந்தக் குறியைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் தருவான். அவர்களுக்குப் பகல், நமக்கு ராத்திரி. ஊரே தூங்கும்போது நான் யாரோ முகம் தெரியாதவனுடைய மூட்டு வலியைப் படித்துக்கொண்டிருப்பேன். காலையில் வந்து படுத்தால் தூக்கம் வராது. வயசும் ஆகிவிட்டது. ராத்திரி வேலைக்காரன் என்று பெண் கொடுக்க யோசித்தார்கள், அப்புறம் நானும் யோசிப்பதை விட்டுவிட்டேன். அது கிடக்கட்டும்.

நான் காலேஜில் படித்தவன் இல்லை. மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தவன். பழைய புத்தகக் கடையில் முதுகு கிழிந்த கோடிங் புத்தகம் ஒன்று கிடைத்தது, வருஷம் கடந்த புத்தகம். அதை வைத்தே படித்தேன். எனக்குக் கேள்வி கேட்டது யார் தெரியுமா? வசந்தாமணி. ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கூட்டி இங்கிலீஷில் கேட்பாள். நான் குறியைச் சொல்ல வேண்டும். அதில் வேடிக்கையான குறியெல்லாம் இருக்கும். வாத்து கொத்தினால் ஒன்று. ஆமை இடித்தால் ஒன்று. அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. ஒருநாள் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள், ராணுவ விமானத்தால் அடிபட்ட பொதுமக்கள் என்று இருந்ததைப் படித்துவிட்டுப் புத்தகத்தையே கீழே போட்டுவிட்டாள். "ஏண்ணா, இதெல்லாம் ஒருத்தருக்கு நடக்குமாண்ணா? எழுதறவங்களுக்கு வேற வேலையே இல்லையாட்ட இருக்குது" என்றாள். அப்போதும் அந்த லைன் வீட்டு ஓடு அதிரத்தான் விமானம் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அவளைச் சேர்த்தது இங்கே இல்லை. தனியார் ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை வெள்ளிங்கிரி வேன் ஓட்டுகிற மில்லில் எல்லாருக்கும் பாலிசி போட்டிருந்தார்கள், வீட்டுக்காரியும் அதில் சேர்த்தி. கையில் காசு கட்டாமலே சேர்த்துக்கொண்டார்கள். கருகிய தோலை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்கிற ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அடுத்தது தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையிலும் விரல் சந்துகளிலும் வைக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது, தானாக ஆற விட்டால் தோல் சுருங்கி விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். அதற்கு இன்சூரன்ஸ்காரர்களிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுண்டரில் ஜெசிந்தா என்று ஒரு பெண். நான் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போவேன். அனுப்பப்போகிற தாளை ஒரு தடவை காட்டச் சொன்னேன். காரணம் எழுதுகிற கட்டத்தில் என்ன போட்டிருக்கிறாள் தெரியுமா? தீ விபத்து. அவ்வளவுதான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். வானத்திலிருந்து எரிந்துகொண்டே ஒரு விமானம் வந்து விழுந்திருக்கிறது, நாடே டிவியில் பார்த்திருக்கிறது, இவள் தீ விபத்து என்று எழுதி வைத்திருக்கிறாள். எந்தத் தீ என்று கேட்டேன்.

"தீதான் சார்" என்றாள்.

தீயில் எத்தனை வகை இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க சார். முதல் ஆபரேஷனுக்கு இதைப் போட்டுத்தான் ஒத்துக்கிட்டாங்க. ரெண்டாவதுக்கும் இதுவே போகட்டும். அந்தக் கட்டத்துல இதுக்கு மேல எழுதணும்னு கட்டாயம் இல்லைங்க சார்."

கட்டாயம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அமெரிக்காவிலும் கட்டாயம் இல்லை. எங்கள் ஆபீசில் பாதிப் பேர் காரணக் குறி போடவே மாட்டார்கள், நேரம் போகிறது என்று. நான் போடுவேன். எதனால் என்று தெரியாமல் ஒரு காயத்தை எப்படி எழுதி மூடுவது? என் வேலையில் ஒரே விதிதான். எது அதிக விவரமோ அதை எடு. இதை அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "மச்சான், அந்தப் புள்ள சொல்றபடி விட்ருங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வேன் கியரைப் பற்றி நான் அவருக்குச் சொல்லித் தருகிறேனா?

அவள் திருத்த மாட்டேன் என்றதும் நானே இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மெயில் எழுதினேன். நோயாளியின் அண்ணன், தொழில்முறைக் கோடர் என்று போட்டு, செய்தித்தாள் கட்டிங்கோடு. இதில் ஒன்று கவனியுங்கள். புத்தகத்தில் இதற்கு இரண்டு இடம் இருக்கிறது. விபத்துகள் பகுதியில் ஒன்று, வசந்தாமணி சிரித்தாளே, ராணுவ விமானத்தால் அடிபட்ட பொதுமக்கள் என்று, அது. மொட்டையாக அவ்வளவுதான் இருக்கும். இன்னொன்று கடைசியில், போரும் ராணுவ நடவடிக்கையும் இருக்கிற பகுதியில். அதில் விமானம் எப்படி அழிந்தது என்று வகை வகையாகப் பிரித்திருப்பார்கள். எதிரி சுட்டா, இன்னொரு விமானம் மோதியா, உள்ளேயே தீப்பிடித்தா என்று. அடிபட்டவர் ராணுவத்தாரா பொதுமக்களா என்று. நம் விமானம் உள்ளே தீப்பிடித்துத்தானே விழுந்தது? என் தங்கை பொதுமக்கள்தானே? ஒவ்வொரு எழுத்தும் சட்டை தைத்த மாதிரி அவளுக்குப் பொருந்தியது. நான் இரண்டாவதை எடுத்தேன். உள்ளே தீப்பிடித்து ராணுவ நடவடிக்கையில் விமானம் அழிந்ததால் பொதுமக்களில் ஒருவருக்கு ஏற்பட்ட காயம். எத்தனையோ வருஷமாக முகம் தெரியாதவர்களுக்குக் குறி போட்டிருக்கிறேன். முதல் தடவையாக எனக்குத் தெரிந்த ஒருத்திக்குப் போட்டேன். அனுப்பிவிட்டு வந்து படுத்தேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பதில் சீக்கிரமே வந்தது. போர், படையெடுப்பு, ராணுவ நடவடிக்கை ஆகியவற்றால் ஏற்படும் காயங்கள் இந்தப் பாலிசியில் அடங்காது. அனுமதி மறுக்கப்படுகிறது. முதலில் கொடுத்த அனுமதியும் மறுபரிசீலனையில் இருக்கிறது. அதற்கு ஆதாரமாக என் மெயிலை எடுத்துப் போட்டிருந்தார்கள். என் வாக்கியத்தை அப்படியே, ஒரு சொல் மாறாமல். நான் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதை ஒருத்தர் கடைசிவரை படித்தார்கள் என்றால் அது அவர்கள்தான்.

 ஜெசிந்தா அந்தத் தாளை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "தெரியாம இருக்கறதும் ஒரு வேலைதானுங்க சார்" என்றாள். அவளுக்கு என்னமோ கோபம். கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகிவிடுகிறார்கள்.

அங்கிருந்து இங்கே கொண்டுவந்தோம். இந்தப் பெரியாஸ்பத்திரி டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே பார்க்கிறீர்களே, உயிருக்குப் போராடுகிறவர்கள் முன்னால் நிற்கிற வரிசை. கை எரிந்தவள் பின்னால்தான் நிற்க வேண்டும். நடுவில் சீழ் பிடித்தது. அது ஆறினால்தான் தோல் வைக்க முடியும் என்றார்கள். அது ஆறி வருவதற்குள் கையும் ஆறிவிட்டது. தானாக ஆறிவிட்டது. டாக்டர் எதைச் சொன்னாரோ அதேதான். விரல் நாலும் மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. கட்டைவிரல் மட்டும் வெளியில் நிற்கிறது, யாரையோ நிற்கச் சொல்கிற மாதிரி.

எங்கள் குறியில் கடைசி எழுத்து என்று ஒன்று உண்டு. முதல் சிகிச்சைக்கு ஓர் எழுத்து. தொடர்ந்து வருகிற சிகிச்சைக்கு ஓர் எழுத்து. காயமெல்லாம் ஆறி, ஆறிய பிறகு அதனால் மிஞ்சிப்போன கோளாறு என்றால் அதற்கு ஓர் எழுத்து. வசந்தாமணிக்கு இப்போது அந்த மூன்றாவது எழுத்து. காரணம் மாறாது, கடைசி எழுத்து மட்டும்தான் மாறும். அதை அவளிடம் விளக்கிச் சொன்னேன், கேள்வி கேட்டவள் ஆயிற்றே, ஞாபகம் இருக்கும் என்று. அவள் கட்டிலில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலே, "எனக்கு எரிஞ்சது ஒரே தீதாண்ணா" என்றாள்.

அதற்கப்புறம் என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. மருந்தின் அசதி. தீக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு வரும், அதற்கும் குறி இருக்கிறது.

முன்னெல்லாம் அவள் வீட்டில் நான் எழுந்திருக்கிற நேரத்துக்கு ஹாட்பாக்சில் சோறு போட்டு மூடி வைத்திருப்பாள். மூடியை இறுக்கித் திருகுவதற்கு வலது கை வேண்டும். இப்போது மெஸ்ஸில் சாப்பிடுகிறேன்.

ராணுவத்தில் கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டோம். மாப்பிள்ளை வேனை நிறுத்திவிட்டு நடையாய் நடந்தார். விசாரணை முடியட்டும் என்றார்கள். முடிந்ததும் ஒரு கடிதம் கொடுத்தார்கள், ரொம்ப மரியாதையான கடிதம். அது வழக்கமான பயிற்சிப் பறத்தல், ராணுவ நடவடிக்கை அல்ல, ஆகவே நிவாரணத்துக்கு மாவட்ட நிர்வாகத்தை அணுகவும். மாவட்ட நிர்வாகத்தில் ராணுவ விமானம் என்றால் ராணுவத்தைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். இன்சூரன்ஸில் ராணுவ நடவடிக்கை என்கிறார்கள், ராணுவத்தில் நடவடிக்கையே இல்லை என்கிறார்கள். கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு வரவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு அவரவர் எல்லை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மாப்பிள்ளை அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டார். அதை எடுத்துக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்கே போய் ஜெசிந்தாவைப் பார்த்திருக்கிறார். அவள் உட்கார்ந்து ஒரு மேல்முறையீடு எழுதிக் கொடுத்திருக்கிறாள், அவள் வேலையே இல்லை அது. விபத்துதான், ராணுவமே சொல்லிவிட்டது, ஆகவே அனுமதி தர வேண்டும் என்று. அனுமதி வந்தால் ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரித்துத் தோல் வைக்கிற ஆபரேஷன் அங்கே செய்யலாம். மூட்டு முழுசாக இறுகிப்போவதற்குள் செய்தால் கை ஓரளவு திறக்கும் என்று இங்கே டாக்டரும் சொல்கிறார். இன்னும் தள்ளினால் பிரித்தும் பிரயோஜனம் இல்லையாம். இதற்கு ஒரே ஒரு தடை. இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கிறார்கள், குடும்பத்திலிருந்தே ஒருத்தர், தொழில் தெரிந்தவர், இது ராணுவ நடவடிக்கை என்று எழுதியிருக்கிறாரே, அவர் அதைத் திரும்பப் பெறுகிறாரா என்று.

நான் எழுதித் தர வேண்டும். முன்பு நான் குறித்தது தவறு. ஒரே வரி. கீழே தெய்வசிகாமணி என்று கையெழுத்து.

ஜெசிந்தா அதையும் டைப் அடித்தே கொடுத்துவிட்டாள். இதோ, இந்தப் பையில்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் உள்ளே போவதற்கு முன்னால் மாப்பிள்ளை இதையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார். தீபாவளி கழிந்ததிலிருந்து ஒவ்வொரு தடவை வரும்போதும் கொடுக்கிறார், நான் பையில் வைக்கிறேன், திரும்பிப் போகும்போது பேனாவை மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

என் ஆபீசில் நாங்கள் போட்ட குறிகளைச் சரிபார்க்கிற ஆடிட் பையன் ஒருத்தன், பிரவீன் என்று பேர், அவனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பயிற்சிக்குப் பறந்த விமானம் என்றால் விபத்துப் பகுதிதான் அண்ணா, அந்தக் கடைசிப் பகுதி எல்லாம் நிஜமான நடவடிக்கைக்கு என்றான். அவன் வேலைக்குச் சேர்ந்தே அதிக நாள் ஆகவில்லை. மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னான். பிடிவாதக்காரப் பையன்.

நீங்களே சொல்லுங்கள். விமானம் அழிந்ததா இல்லையா? அழிந்தது. உள்ளே தீப்பிடித்ததா? பிடித்தது. அது ராணுவத்து விமானமா? ஆமாம். அவள் பொதுமக்களா? ஆமாம். இதில் எதைத் தவறு என்று எழுதுவது? மாப்பிள்ளைக்கு இது புரியாது. "மச்சான், அவ கையை விட உங்களுக்கு அந்த வரி பெருசா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். பெரிசு சின்னது என்பது இல்லை. மருந்துக்கடையில் ஏணி ஏறி அட்டைப்பெட்டி எடுத்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு வீடு இல்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை. பகலில் வெளியே வந்தால் என்னைத் தெரிந்தவர் நாலு பேர் இல்லை. நான் குறித்தது சரி என்பது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் ராத்திரி போய் எதன் மேல் உட்காருவேன்?

அவள் கேட்டிருந்தால் போட்டிருப்பேனோ என்னவோ. அவள் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அண்ணன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சத்தம் கேட்கிறதா? அவள்தான். விரலை இழுக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முன்னெல்லாம் இன்னும் ஜாஸ்தி கத்துவாள். இப்போது குறைந்துவிட்டது. இழுப்பதற்கு அவ்வளவு அசைவு இல்லை என்கிறார் அந்த பிசியோதெரபி அம்மா.

அது கிடக்கட்டும். மடியில் என்ன, உங்கள் மகளுடைய ஃபைலா? கொடுங்கள், ஒரு தடவை பார்க்கிறேன். பயப்படாதீர்கள், என் தொழில் இது, காசெல்லாம் வாங்க மாட்டேன். எத்தனையோ பேருக்கு இங்கே பார்த்துச் சொல்லியிருக்கிறேன். சில பேர் அப்புறம் இந்தப் பக்கம் உட்காருவதில்லை, ஏனோ தெரியவில்லை. கொடுங்கள்.

ம். கழுத்து, மார்பு, இரண்டாம் நிலைக் காயம். சரியாக எழுதியிருக்கிறார்கள். பக்கம் குறித்திருக்கிறார்கள். நல்லது. இன்சூரன்ஸ் இருக்கிறதா? அரசாங்கக் காப்பீட்டு அட்டை. அதுவும் நல்லது. காரணம்... சமையல் அடுப்பு, விபத்து.

விபத்து என்று யார் சொன்னது?

நீங்கள்தான் சொன்னீர்கள், சரி. நீங்கள் அங்கே இருந்தீர்களா? ஊரில் இருந்தீர்கள். அவள் மாமியார் வீட்டில் யார் இருந்தது? யாரும் இல்லையா? மாப்பிள்ளைப் பையன்? அவனும் வெளியில். அப்படியென்றால் அடுப்பு வெடித்ததை யாருமே பார்க்கவில்லை. உங்கள் மகள் என்ன சொல்கிறாள்? ஒன்றும் சொல்லவில்லை. பேசவே இல்லை. ம்.

தப்பாக நினைக்காதீர்கள். யாரும் பார்க்காதபோது, அவளும் சொல்லாதபோது, விபத்து என்று எழுதுவது விவரம் இல்லை. தானே தீ வைத்துக்கொண்டாளா, வேறு யாராவது வைத்தார்களா, தெரியாது. தெரியாது என்பதற்கு ஒரு தனிக் குறி இருக்கிறது. நோக்கம் தீர்மானிக்கப்படவில்லை. அதைத்தான் இங்கே போட்டிருக்க வேண்டும். இருங்கள், அந்த இடத்தைச் சுழித்துக் காட்டுகிறேன், கவுண்டரில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேனா இருக்கிறது, எங்கள் மாப்பிள்ளையுடைய பேனா. இதோ, இந்தச் சொல்தான்...

ஏன் பிடுங்குகிறீர்கள்? கிழிந்துவிடும். நான் உங்கள் மகளுக்காகத்தான் சொல்கிறேன். யார் எழுதச் சொன்னார்கள் என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் மெயில்கூட எழுதித் தருகிறேன். ஐயா, எங்கே போகிறீர்கள்? அங்கே நிற்க நிழல் இல்லை.

மெதுவாக எழுந்திருங்கள் என்று முதலிலேயே சொன்னேனே. பாருங்கள், நீங்கள் எழுந்ததும் பெஞ்சு மொத்தமும் என் பக்கம் சாய்கிறது.